கேபிள் மஃப்ளரில் பிசகு: எங்கே பார்ப்பது, எவ்வளவு பிரிப்பது

"அக்கா, கேபிள் எங்கேயோ கோணிக்கிச்சு. எல்லாத்தையும் பிரிச்சிடவா?" என்று பாதி பின்னிய மஃப்ளரோடு வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஊசியை உருவாதே என்பதுதான். கேபிள் என்பது கண்ணிகளை இடம் மாற்றிப் போட்டு, கயிறு முறுக்கினாற்போல வரவைக்கும் பின்னல். அது கோணினால் எல்லாரும் முறுக்குப் போட்ட இடத்தையே முறைத்துப் பார்ப்பார்கள். அங்கே பெரும்பாலும் தப்பு இருக்காது. முறுக்குப் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணி கண்ணியாக எண்ணித்தானே போடுகிறோம்? அது முடிந்து 'அப்பாடா' என்று சாய்ந்து உட்காரும் 7 சாதா வரிசைகள் இருக்கின்றனவே, கோளாறு நுழைவது அங்கேதான்.

உங்கள் மஃப்ளரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கீழே உள்ள மாதிரியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். பின்னால் சொல்லும் எண்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி

100 கிராமில் சுமார் 200 மீட்டர் ஓடும் நடுத்தரத் தடிமன் உல்லன் நூல், 250 கிராம். 5 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி. முறுக்கும்போது கண்ணிகளைத் தாங்கி வைக்கும் கேபிள் ஊசி ஒன்று. அது கடையில் கிடைக்கவில்லை என்றால் கொண்டை ஊசி போதும். எனக்கு என்னவோ கொண்டை ஊசிதான் பிடிக்கும். வளைவுக்குள் கண்ணிகள் அடங்கி உட்காரும், கையை விட்டாலும் விழாது. என் அத்தை கொண்டை போடுவதை விட்டுப் பல வருடம் ஆகியும் அந்த ஊசிகளை விடாததற்கு இதுதான் காரணம்.

ஊசியில் 34 கண்ணி, அதாவது 34 நூல் வளையம், போடுங்கள். நிட் என்பது நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி, பர்ல் என்பது நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி. வெளிப்பக்க வரிசை இப்படி: 4 நிட், 2 பர்ல், 6 நிட், 2 பர்ல், 6 நிட், 2 பர்ல், 6 நிட், 2 பர்ல், 4 நிட். உள்பக்க வரிசை: 6 நிட், 6 பர்ல், 2 நிட், 6 பர்ல், 2 நிட், 6 பர்ல், 6 நிட். இந்தி வீடியோ பார்த்துக் கற்கிறவர்களுக்கு: சீதா என்றால் நிட், உல்டா என்றால் பர்ல்.

மொத்தம் 8 வரிசையில் ஒரு சுற்று. 5-ஆவது வரிசைதான் முறுக்கு வரிசை. அதில் ஒவ்வொரு 6 நிட் வரும்போதும் முதல் 3 கண்ணியைப் பின்னாமல் கொண்டை ஊசிக்கு மாற்றி, துணிக்கு முன்னால், அதாவது உங்கள் வயிற்றுப் பக்கம், தொங்க விடுங்கள். அடுத்த 3 கண்ணியை நிட் போடுங்கள். பிறகு தொங்கும் 3 கண்ணியையும் நிட் போடுங்கள். முறுக்கு இடது பக்கம் சாயும். மற்ற 7 வரிசையும் சாதா. முடிந்த மஃப்ளர் 15, 16 சென்டிமீட்டர் அகலம் வரும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சுமார் 45 முறை முறுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு ஓரத்திலும் இருக்கும் 4 கண்ணி எந்தப் பக்கமும் நிட்தான். அது அழகுக்கு மட்டும் இல்லை. தப்புக் கண்டுபிடிப்பதற்கு அதுதான் அளவுகோல். எப்படி என்று இப்போதே பார்த்துவிடலாம்.

முறுக்குகளுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை

ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஊதிய பலூன் மாதிரியும் பிழிந்த துணி மாதிரியும் மாறி மாறி வருகிறதா? வரிசை எண்ணிக்கை பிசகியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஒரு வரிசை விட்டுப்போனால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். முறுக்கு எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் வரும். ஒன்று பிசகினால் அது உள்பக்கத்தில் வந்து விழும், கை தானாக நின்றுவிடும். இரண்டு விட்டுப்போனால்தான் தெரியாது. அதனால் 8-க்குப் பதிலாக 7 இருக்கிறதா என்று தேடாதீர்கள். 6 இருக்கும், இல்லையென்றால் 10 இருக்கும்.

எப்படி எண்ணுவது? கேபிளுக்குள் எண்ண வேண்டாம், கண் வலிக்கும். ஓரத்துக்கு வாருங்கள். அங்கே நிட் மேல் நிட் போட்டதால் வரப்பு வரப்பாக மேடு தெரியும். ஒரு மேடு என்றால் 2 வரிசை. முறுக்கு வரிசையைத் தொடங்குவதற்கு முன், ஊசிக்கு ஒட்டிக் கீழே இருக்கும் மேட்டில் ஒரு ஊக்கு மாட்டுங்கள். அந்த ஊக்குக்கு மேலே புதிதாக 4 மேடு சேர்ந்து, வெளிப்பக்கம் உங்களைப் பார்த்து இருந்தால், இது அடுத்த முறுக்கு வரிசை. 3 மேடு இருந்தால் இன்னும் 2 வரிசை பாக்கி. 5 இருந்தால் தாண்டிவிட்டீர்கள்.

நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறவர்கள் உண்டு. செல்போனில் எண்ணும் செயலி வைத்திருப்பவர்களும் உண்டு. குக்கர் விசில் அடித்து எழுந்து போய்விட்டு வந்தால், கோடு போட்டுவிட்டு எழுந்தோமா, போடாமல் எழுந்தோமா என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. மேடு மறக்காது.

இனி வைத்தியம். மூன்று கேபிளிலும் ஒரே வரிசையில் இடைவெளி 10 ஆகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். மூன்றும் சேர்ந்து நீண்டிருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது. அதுவும் கழுத்தில் சுற்றிய பிறகு யார் அளந்து பார்க்கப்போகிறார்கள். 6 ஆகியிருந்தால் கொஞ்சம் தெரியும். பக்கத்திலேயே 10 வந்திருந்தால் நன்றாகவே தெரியும். அப்போது பிரிப்பதுதான் வழி. மூன்றில் ஒன்றில் மட்டும் முறுக்கவே மறந்துபோயிருந்தால் முழு மஃப்ளரையும் பிரிக்க வேண்டியதில்லை. அதற்கும் அடுத்த தலைப்பில் வரும் ஏணி வைத்தியமே மருந்து.

ஒரு முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது

காரணம் எளிது. கொண்டை ஊசியை முன்னால் விடுவதற்குப் பதிலாகத் துணிக்குப் பின்னால் விட்டிருப்பீர்கள். முன்னால் விட்டால் இடது, பின்னால் விட்டால் வலது. செய்யும்போது தெரியாது. 10 வரிசை தாண்டி, மஃப்ளரை விரித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டும்போது பளிச்சென்று தெரியும்.

இதற்காக 10 வரிசையையும், அதாவது 340 கண்ணியையும், பிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கெட்டது 6 கண்ணி அகலமுள்ள ஒரு பத்தி மட்டும். அந்தப் பத்தியை மட்டும் இறக்கி ஏற்றலாம். முதல் தடவை கை நடுங்கும். பகல் வெளிச்சத்தில், குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மேஜையில் வைத்துச் செய்யுங்கள்.

வேண்டியவை: இரண்டு பக்கமும் முனை உள்ள குட்டை ஊசி இரண்டு, மஃப்ளர் ஊசியைவிடச் சற்று மெலிதாக இருந்தால் நல்லது. ஒரு கொண்டை ஊசி. நுனியில் கொக்கி உள்ள குரோஷே ஊசி ஒன்று, அவசரத்துக்கு.

வெளிப்பக்க வரிசையில், கெட்டுப்போன கேபிளின் 6 கண்ணி தொடங்கும் இடம் வரை சாதாரணமாகப் பின்னிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். அந்த 6 கண்ணியை மட்டும் இடது ஊசியிலிருந்து கழற்றி விடுங்கள். இரண்டு ஊசியின் முனையிலும் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் மற்ற கண்ணிகள் ஓடாது. இப்போது கழன்ற 6 கண்ணியையும் மெதுவாக, வரிசை வரிசையாக இறக்குங்கள். ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் ஒரு நூல் குறுக்கே தொய்ந்து நிற்கும். மேலிருந்து கீழ்வரை அவை ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். தப்பான முறுக்கு வரிசையும் பிரிந்து, அதற்கு முந்தின வரிசையின் 6 கண்ணி கிடைக்கும்வரை இறக்குங்கள். அதைக் குட்டை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நின்று படிகளை எண்ணுங்கள். இறக்கிய வரிசை எத்தனையோ அத்தனை படி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஏதோ இரண்டு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்து விடுங்கள்.

அடுத்து, முதல் 3 கண்ணியைக் கொண்டை ஊசிக்கு மாற்றி, இந்தத் தடவை சத்தியமாக முன்னால் விடுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள படிநூலை எடுத்து, அதையே பின்னும் நூலாக வைத்து, பின்னால் உள்ள 3 கண்ணியை நிட் போட்டு, பிறகு கொண்டை ஊசியில் உள்ள 3 கண்ணியையும் நிட் போடுங்கள். முறுக்கு சரியாகிவிட்டது. ஊசியைத் திருப்ப வேண்டாம். கண்ணிகளை ஊசியின் வலது முனைக்குத் தள்ளி, அடுத்த படிநூலை எடுத்து மறுபடி வலமிருந்து இடம் நிட் போடுங்கள். எல்லாப் படிக்கும் இப்படியே. நாம் எப்போதும் வெளிப்பக்கத்தைப் பார்த்தே செய்வதால் பர்ல் என்ற பேச்சே கிடையாது. கடைசிப் படி முடிந்ததும் 6 கண்ணியையும் இடது ஊசியில் ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னுங்கள்.

முடித்ததும் அந்தப் பத்தி கோணல்மாணலாகத் தெரியும். வலது ஓரக் கண்ணிகள் பெரிதாகவும் இடது ஓரத்தில் நூல் பற்றாமல் இறுக்கமாகவும் இருக்கும். பயப்பட வேண்டாம். ஊசி முனையால் பெரிய கண்ணியின் காலை, அதாவது வளையத்தின் ஒரு பக்க நூலை, கொஞ்சம் இழுத்து அடுத்ததற்குக் கொடுங்கள், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. மிச்சம் மீதியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கும்போது நூலே சரிசெய்துகொள்ளும்.

தப்பு 20 வரிசையையும் தாண்டி ஆழத்தில் இருந்தால் நான் இந்த வேலையில் இறங்கமாட்டேன். படிநூல்கள் சிக்கிக்கொள்ளும், பொறுமை போய்விடும். ஒன்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுவது, இல்லையென்றால் முழுதாகப் பிரிப்பது.

முழுதாகப் பிரிக்கும் நிலை வராமலிருக்க ஒரு காப்பு உண்டு. 4, 5 முறுக்குக்கு ஒருமுறை, உள்பக்க வரிசை ஒன்றை முடித்ததும், ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற எம்பிராய்டரி நூலைக் கோத்து அப்படியே விட்டுவிடுங்கள். பின்னால் எவ்வளவு பிரித்தாலும் அந்த நூலுக்குக் கீழே ஒரு கண்ணிகூட ஓடாது. உல்லன் நூலையே கோக்காதீர்கள், அது ஒட்டிக்கொள்ளும்.

34 கண்ணி 35 ஆகிவிட்டது, அல்லது 33

மொத்தத்தை எண்ணுவதில் பயன் குறைவு. எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள். நாலு, ரெண்டு, ஆறு, ரெண்டு, ஆறு, ரெண்டு, ஆறு, ரெண்டு, நாலு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினால், எங்கே தடுக்குகிறதோ அதுதான் இடம். கட்டத்துக்குக் கட்டம் நடுவே நிற நூலில் ஒரு சின்ன வளையம் கட்டி ஊசியில் போட்டுவிட்டால் அதுவும் வேண்டாம்.

கேபிளுக்கும் அதன் பக்கத்து 2 பர்ல் பள்ளத்துக்கும் நடுவில் ஒன்று கூடியிருந்தால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கு நடுவாகக் கொண்டுவராமல் ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணிக்குக் கீழே வேர் இருக்காது, ஓட்டை தெரியும். அடுத்த வரிசையில் அதைப் பின்னாமல் கீழே தள்ளிவிட்டால் போதும்.

வரிசையின் முதல் கண்ணியில் கூடியிருந்தால் காரணம் வேறு. பின்னத் தொடங்குமுன் நூலை ஊசிக்கு மேலே போட்டுப் பின்பக்கம் இழுத்திருப்பீர்கள். முதல் கண்ணி இரண்டு காலையும் காட்டிக்கொண்டு இரண்டு கண்ணி மாதிரி நிற்கும், நீங்கள் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியால் பின்னே கொண்டுபோகப் பழகுங்கள். புதிதாகக் கற்கிறவர்களின் மஃப்ளர் போகப்போக அகலமாகிப் போர்வையாவது பெரும்பாலும் இதனால்தான்.

கேபிளுக்கு உள்ளேயே கூடியிருந்தால் நூல் பிளந்திருக்கும். மெல்லிய இழைகள் பிரிந்து, ஒரு கண்ணியை இரண்டாக எண்ணியிருப்பீர்கள். ஒரு வரிசை பின்னே போய் ஒன்றாக்குங்கள்.

33 ஆனால், அநேகமாக முறுக்கு வரிசையில் கொண்டை ஊசியிலிருந்து ஒன்று நழுவியிருக்கும். வெளிப்பக்கம் தேடினால் கிடைக்காது, முறுக்கு மறைத்துக்கொண்டிருக்கும். மஃப்ளரைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கண்டதும் முதல் வேலை, அதில் ஊக்கைக் குத்தி ஓடாமல் நிறுத்துவது. குரோஷே ஊசியைத் தேடுவதெல்லாம் பிறகு.

கேபிள் எழும்பவே இல்லை, தட்டையாகக் கிடக்கிறது

கேபிள் உயர்ந்து தெரிவது அதன் உயரத்தால் இல்லை, பக்கத்துப் பள்ளத்தால். அந்த 2 பர்ல் கண்ணி இருபுறமும் தாழ்ந்து நின்றால்தான் நடுவில் உள்ளது கயிறு மாதிரி எழும். ஆகவே முதலில் பள்ளத்தைப் பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தில் குறுக்குக் குமிழ்கள் மட்டும் தெரிய வேண்டும். நடுநடுவே 'வி' வடிவம் தெரிந்தால் அந்த வரிசையில் பர்லுக்குப் பதில் நிட் விழுந்திருக்கிறது. ஒற்றைக் கண்ணியை மட்டும் அதுவரை இறக்கி, குரோஷே ஊசியால் மாற்றி ஏற்றிவிடலாம்.

பள்ளம் சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால் நூல்தான் காரணம். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நூல்களில் நிழல் விழுவதே தெரியாது. பல நிறம் மாறி மாறி வரும் நூலில் நிறம்தான் தெரியும், முறுக்குத் தெரியாது. புசுபுசுவென்று மயிர் நிற்கும் நூல் பள்ளத்தையே மூடிவிடும். அயர்லாந்துக்கு மேற்கே ஆரன் தீவுகளில் பின்னிய கேபிள் ஸ்வெட்டர்கள் பேர்போனவை. அவற்றுக்கென்று பிரசித்தமான நிறம், சாயம் ஏற்றாத ஆட்டு ரோமத்தின் பால்வெள்ளை. வெள்ளையில்தான் மேடும் பள்ளமும் வெளிச்சம் நிழலாகப் பிரிந்து தெரியும். அந்த ஸ்வெட்டரின் கோலத்தைப் பார்த்துத்தான் கடலில் இறந்த மீனவர் எந்தக் குடும்பம் என்று அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை, கதைதான். நிறம் பற்றிய பாடம் மட்டும் உண்மை.

முதல் மஃப்ளருக்கு வெள்ளை, சந்தனம், வெளிர்சாம்பல் மாதிரி ஒன்றை எடுங்கள். அழுக்காகும்தான். துவைத்துக்கொள்ளலாம்.

துணி அட்டை மாதிரி விறைக்கிறது, முறுக்கும்போது ஊசி வளைகிறது

ஊசியைத் திருப்பி அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிறகு நீங்கள் பின்பற்றும் குறிப்பு எந்த நாட்டினுடையது என்று பாருங்கள். நம் கடைகளில் 8-ஆம் நம்பர் என்று கேட்டால் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கணக்கில்தான் தருவார்கள்; அது 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு பிரிட்டிஷ் 6 என்பது 5 மில்லிமீட்டர், அமெரிக்க 6 என்பது 4 மில்லிமீட்டர். ஒருவர் எண் ஏற ஏற ஊசியை மெலிய வைக்கிறார், இன்னொருவர் தடிக்க வைக்கிறார். நடுவில் மாட்டிக்கொள்வது நாம். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டர் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஊசி சரிதான், ஆனாலும் இறுக்கம் என்றால், முறுக்கு வரிசைக்கு முந்தின உள்பக்க வரிசையில் அந்த 6 பர்லை மட்டும் தளர்வாகப் போடுங்கள். கண்ணியை ஊசியின் கூர்முனையில் உருவாக்காமல், தண்டுப் பகுதியில் உருவாக்கினாலே தளரும். முறுக்கிய பிறகு கொண்டை ஊசியிலிருந்து நேரே பின்ன முடியாவிட்டால், 3 கண்ணியையும் இடது ஊசிக்கு மாற்றிவிட்டுப் பின்னலாம். நேரம் கொஞ்சம் கூடும், மணிக்கட்டு பிழைக்கும்.

சென்னை, மதுரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: வியர்வை. ஆக்ரிலிக் நூல் ஈரக்கையில் ஒட்டி, ஊசியில் நகராது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு லேசாகப் பவுடர் போட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் ஊசி வைத்திருப்பவர்கள் வழவழப்பான அலுமினிய ஊசிக்கு மாறிப் பார்க்கலாம்.

கேபிளின் இடது ஓரக் கண்ணி மட்டும் தொளதொள என்று இருக்கிறது

இது தப்பு இல்லை, நூலின் குணம். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் கொஞ்சம் அதிக தூரம் சுற்றி வருகிறது. அந்த உபரி நூல் கடைசி நிட் கண்ணிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் பர்லைப் போட்டதும் நூலை ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் பாதி சரியாகும்.

மீதிப் பாதிக்கு: அந்த முதல் பர்லுக்கு மட்டும் நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றாமல் அடியாகச் சுற்றி எடுங்கள். தூரம் குறையும். ஆனால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும். அடுத்த உள்பக்க வரிசையில் அது நிட்டாக வரும்போது, முன்காலில் குத்தாமல் பின்காலில் குத்தி எடுக்க வேண்டும். மறந்தால் அந்தக் கண்ணி திருகிக்கொள்ளும்.

முறுக்கின் பக்கத்தில் ஓட்டை

சின்னதாக இருந்தால் இருக்கட்டும். 3 கண்ணி 3 கண்ணியைத் தாண்டிப் போகும்போது துணி இழுபடத்தான் செய்யும். விரல் நுழைகிற அளவு என்றால், பின்னால் உள்ள 3 கண்ணியைத் தொடங்கும்போது நூலைத் தளரவிட்டிருக்கிறீர்கள். முதல் கண்ணியைப் போட்டவுடன் கொண்டை ஊசியை ஒட்டி நூலை இறுக்குங்கள்.

நுனி விரிந்து பாவாடை மாதிரி நிற்கிறது

முறுக்கு துணியைச் சுருக்கும். கண்ணி போட்ட ஓரத்தில் முறுக்கு இல்லை, அதனால் அது சுருங்காது. நடு 16 சென்டிமீட்டர், நுனி 19 என்று ஆகிவிடும். அடுத்த மஃப்ளரில் 28 கண்ணி மட்டும் போடுங்கள். கேபிள் வரும் இடங்களில் 6-க்குப் பதில் 4 என்று கணக்கு. 6 வரிசை நிட் போட்டுவிட்டு, கடைசியில் ஒவ்வொரு கேபிள் இடத்திலும் 2 கண்ணி கூட்டி 34 ஆக்குங்கள். முடிக்கும்போது அதே மாதிரி குறைத்து 28 ஆக்கிவிட்டுக் கண்ணியை மூடுங்கள்.

ஏற்கெனவே பின்னிவிட்டதற்கு, ஓரத்தில் ஒரு நூலை ஓட்டிக் கொஞ்சம் சுருக்கிவிட்டு அதன்மேல் குஞ்சம் கட்டுங்கள். குஞ்சத்தைப் பார்த்தால் யாரும் விரிப்பைப் பார்க்கமாட்டார்கள்.

உள்பக்கம் அசிங்கமாக இருக்கிறது

இருக்கும். இந்த வகைக் கேபிளுக்கு முகம் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் முகம் வேண்டுமென்றால் 1 நிட், 1 பர்ல் என்று மாறி மாறிப் போட்ட 12 கண்ணியை 6 மேல் 6 ஆக முறுக்க வேண்டும். அது அடுத்த மஃப்ளருக்கு.

ஓரம் சுருண்டுகொள்கிறது என்பவர்கள் ஓரத்து 4 நிட்டை விட்டிருப்பார்கள், அல்லது உள்பக்க வரிசையில் பர்லாகப் போட்டிருப்பார்கள். நனைத்து விரித்துக் காயவைத்தால் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி சுருளும்.

காயவைத்த பிறகு கெட்டுப்போனது

ஆட்டு ரோம நூல் என்றால் ஆறிய வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் பாய் விரித்துப் படுக்கப்போட்டு, 16 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டிவிடுங்கள். இழுத்து 20 ஆக்கினால் கேபிள் தட்டையாகிவிடும், அத்தனை முறுக்கும் வீண். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டு கயிறாகும். நான் இருப்பது குன்னூரில். மழை பிடித்துக்கொண்டால் 3 நாள் ஆனாலும் ஈரம் போகாது. அந்த நாட்களில் ஃபேன் காற்றில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பிப் போடுவேன்.

ஆக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் நூலின் உயிர் போய், கேபிள் துவண்ட கீரை மாதிரி படுத்துவிடும். அதை எழுப்ப வழியே கிடையாது. வேண்டுமானால் ஈரத்துணியை மேலே போட்டு, பெட்டி தொடாமல் ஆவி மட்டும் படும்படி ஒரு விரற்கடை உயரத்தில் பிடியுங்கள்.

நூல் பாதியில் தீர்ந்துவிட்டது

கடைக்கு ஓடுமுன் பழைய உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிற எண்ணோடு சாய எண் என்று இன்னொன்றும் அச்சிட்டிருக்கும். நிறம் அதே எண்ணாக இருந்தும் சாய எண் மாறினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது வீட்டு வெயிலில் இரண்டாகத் தெரியும். அதே சாய எண் கிடைக்கவில்லை என்றால், புது நூலையும் மிச்சமிருக்கும் பழைய நூலையும் 2 வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி 10 சென்டிமீட்டர் பின்னுங்கள். சேரும் இடம் கரைந்துவிடும்.

கண்ணி மூடும் வரிசைக்கு மஃப்ளர் அகலத்தைப்போல மூன்று, நாலு மடங்கு நூல் போகும். நான் ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போதே முறுக்கை நிறுத்திவிடுவேன்.